காப்பீட்டுக்கான வெள்ள அபாய வரைபடத்தை வாசற்படி வரை துல்லியமாக்குவது எப்படி?

காப்பீட்டுக்காக வெள்ள அபாய வரைபடம் தயாரிப்பவர் முதலில் சரிபார்க்க வேண்டியது நிலத்தின் உயரத் தரவையே. மழைக் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், தரைமட்டம் அரை மீட்டர் பிசகினால் சமவெளியில் வெள்ள எல்லை பல நூறு மீட்டர் தள்ளிப்போய்விடும். 2000-ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். தரவு இலவசமாகக் கிடைக்கிறது என்றாலும், அது மர உச்சிகளையும் கூரைகளையும் தரையாகக் காட்டிவிடுவதால், தனி வீட்டுக்குப் பிரீமியம் நிர்ணயிக்க உதவாது. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி அளக்கும் லிடாரே இதற்குப் பொருத்தமானது. அத்துடிப்புகளில் சில இலைகளின் இடைவெளி வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்புவதால், தரைப்புள்ளிகளை மட்டும் பிரித்தெடுக்கலாம். நல்ல அளவீட்டில், திறந்த நிலத்தின் உயரப் பிழை 10 செ.மீ. அளவில்தான் இருக்கும்.

அடுத்து, எல்லா உயரங்களையும் ஒரே அடிப்படை மட்டத்திலிருந்து அளந்தவையாக மாற்ற வேண்டும். ஜிபிஎஸ் நேரடியாகக் கணக்கிடும் உயரம், பூமியைச் சீரான நீள்வட்டக் கோளமாகக் கருதி அதன் பரப்பிலிருந்து அளந்தது, கடல்மட்டத்திலிருந்து அளந்தது அன்று. இலங்கைக்குத் தெற்கே உள்ள கடற்பரப்பில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 100 மீட்டரையும் தாண்டுகிறது.

பலரும் கோட்டைவிடும் இடம் சாலைக்கு அடியில் நீர் செல்லும் சிறுபாலம். மேலிருந்து பார்க்கும் லிடாருக்குச் சாலை மேடு தெரியும். அதன் அடியில் ஓடும் குழாய் தெரியாது. அப்படியே விட்டால் வெள்ளத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியில் அந்தச் சாலை அணையாக மாறி, மேற்புறத்து வீடுகளை மூழ்கியவையாகவும் கீழ்ப்புறத்து வீடுகளைப் பாதுகாப்பானவையாகவும் காட்டிவிடும். ஆகவே களத்துக்குச் சென்று குழாயின் விட்டத்தையும் அடிமட்டத்தையும் அளந்து, பாதியளவு மண் அடைத்திருந்தால் அதையும் குறித்து, மாதிரியில் சேர்க்க வேண்டும். நேரில் நடந்து சென்று செய்யும் இந்த வேலைக்கு எந்தக் கருவியும் மாற்றாகாது என்பது என் உறுதியான கருத்து. வழக்கமான லிடார் நீருக்குள் ஊடுருவாது என்பதால், ஆற்றுப் படுகையைப் படகில் பொருத்திய ஒலி அளவியால் அளக்க வேண்டும்.

மாதிரி தரும் எல்லையை, 2014 முதல் இயங்கிவரும் சென்டினல்-1 வகை ரேடார் செயற்கைக்கோள்களின் பழைய வெள்ளப் படங்களோடு ஒப்பிடலாம். மேகமும் இரவும் அவற்றுக்குத் தடையில்லை. ஆனால் நெருக்கமான தெருக்களில் கட்டடங்கள் சமிக்ஞையைக் குழப்புவதால், அங்கே சுவர்களில் படிந்த நீர்க்கறையின் உயரமே நம்பகமான சான்று.

காப்பீட்டாளருக்கு ஒற்றை எல்லைக்கோட்டை மட்டும் கொடுப்பது போதாது. நூறாண்டு வெள்ளம் என்பது எந்த ஆண்டிலும் 1% வாய்ப்புள்ள வெள்ளம். 30 ஆண்டுகளில் அது ஒருமுறையேனும் வர ஏறத்தாழ 26% வாய்ப்பு உண்டு. எனவே 10, 50, 100, 500 ஆண்டு வெள்ளங்களுக்குத் தனித்தனி ஆழ வரைபடங்களைத் தயாரித்து, அவற்றோடு ஒவ்வொரு வீட்டின் தரைத்தள உயரத்தையும் இணைக்க வேண்டும். தெருவில் 40 செ.மீ. நீர் நின்றால், தெருமட்டத்திலேயே தரை அமைந்த வீட்டுக்குள் அதே அளவு நீர் புகும், 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் ஏறிச் செல்லும் அடுத்த வீட்டின் தரை 5 செ.மீ. மேலே நிற்கும். இருவரிடமும் ஒரே பிரீமியம் வசூலிப்பது அநீதி. தெருவழியே செல்லும் வாகனக் கேமராப் படங்களிலிருந்து வாசற்படி உயரத்தை மதிப்பிடலாம். ஐயமுள்ள வீடுகளை நேரில் அளக்கலாம்.

வரைபடத்தின் மூலையில் அச்சிட்ட தேதியோடு லிடார் பறந்த தேதியையும் குறிப்பிட வேண்டும். அதற்குப் பின் மண் கொட்டி மேடாக்கிய மனைகள் இருந்தால், அப்பகுதியை மட்டுமாவது ட்ரோனால் மீண்டும் அளந்து திருத்த வேண்டும்.