தடைக்காலத்தில் ஒரு வேலை: என்.சி.எஸ். தளத்தில் பதிவது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் பிளஸ் டூ முடிவு வருவதும் அந்த நாட்களில்தான். அப்பாவும் வீட்டில், பிள்ளையும் வீட்டில், “அடுத்து என்ன?” என்ற கேள்விக்கு ஓடி ஒளிய இடம் இருக்காது. அப்போது திறந்து பார்க்க வேண்டியது மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் தேசிய தொழில்நெறி சேவைத் தளம், சுருக்கமாக என்.சி.எஸ். 2015 ஜூலையிலேயே வந்துவிட்டாலும் நம் கரையில் பலருக்கு இன்னும் புதிதுதான். கட்டணம் கிடையாது.

முதல் படிக்குப் போன் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும். உங்களுக்குத் தெரிந்த வேலைகளை எழுதுங்கள். ‘அனுபவம்’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் யோசிக்காமல் ‘இல்லை’ என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவனுக்கு அனுபவம் இல்லையா? மீன் கிடைத்த இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் குறித்துவைத்து, மறுநாள் படகை அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு? அம்மாவோடு மூங்கில் மிதவை கட்டி, கடல்பாசி வளர்த்து, 45 நாளில் அறுத்து, எடைக்கும் பணத்துக்கும் கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு?

இவற்றைத் தளத்துக்குப் புரியும் சொற்களில் எழுத வேண்டும், அவ்வளவுதான். “அப்பாவுக்கு ஒத்தாசை” என்று எழுதாதீர்கள். “டீசல் இன்ஜின் பராமரிப்பு, விடுமுறைகளில், இரண்டு ஆண்டு, குடும்பப் படகில்” என்று எழுதுங்கள். சம்பளம் வாங்காத வேலை என்பதை மறைக்கவும் வேண்டாம், அதற்காகக் கூசவும் வேண்டாம்.

அடுத்து, தளத்தில் கணக்குத் தொடங்குவது. தளத்தின் முகவரி என்சிஎஸ் டாட் ஜிஓவி டாட் இன். வேலை தேடுபவர் என்ற பிரிவில் பதியுங்கள். செல்போன் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். என் தங்கை மகனுக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் கணக்குத் தொடங்கினார்கள். அவசரத்தில் கடைக்காரரின் எண்ணையே போட்டுவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து உள்ளே நுழையப் போனால் ஓ.டி.பி. கடைக்காரருக்குப் போகிறது, அவரோ ஊரிலேயே இல்லை. இன்னொன்று: தனுஷ்கோடிப் பக்கம் நின்றுகொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு உங்களை அந்நிய நாட்டுக்கு வரவேற்கும், ஓ.டி.பி. வராது.

படிப்பு, தெரிந்த மொழிகள், எந்த ஊர்வரை போகத் தயார் என்பதையெல்லாம் நிரப்பும்போது தாளில் எழுதியதை அப்படியே ஏற்றுங்கள்.

கணக்குத் தயாரானதும் எல்லோரும் வேலைப் பட்டியலுக்குத் தாவுவார்கள். நீங்கள் முதலில் தொழில்களைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். நாட்டில் உள்ள தொழில்களை அரசு வகைபிரித்த பட்டியலான தேசியத் தொழில் வகைப்பாடு 2015-இல் ஏறத்தாழ 3,600 தொழில்கள் இருக்கின்றன. டீசல் மெக்கானிக், குளிர்சாதனம், மீன்வளம் என்று தாளில் உள்ளதற்கு நெருக்கமான சொற்களைத் தேடி, அந்த வேலைக்கு என்ன படிப்புக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படிப்பு எங்கே என்று பாருங்கள். இன்ஜினில் கை பழகியவனுக்கு ஐ.டி.ஐ. மட்டுமே வழி என்றில்லை. மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட் சென்னையிலும் மரைன் ஃபிட்டர், கப்பல் வழிச்செலுத்துநர் ஆகிய இரண்டாண்டுப் பயிற்சிகளை நடத்துகிறது. பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தலா 40 சதவீதம் வேண்டும். பட்டம் முடித்துக் கடலையே மேற்கொண்டு படிக்க நினைப்பவருக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம்.

இனி விண்ணப்பிக்கலாம். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். வளைகுடா வேலை என்றால், ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். கீழக்கரையிலும் தொண்டியிலும் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏமாந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

பதிவில் எங்காவது தடுமாறினால் 1514 என்ற எண்ணுக்குப் பேசலாம். என்.சி.எஸ்.-இல் பதிந்துவிட்டதால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு தேவையில்லை என்று இருந்துவிடாதீர்கள். அது மாநில அரசின் தனிப் பதிவு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியையும் அதே தாளின் மூலையில் எழுதிவையுங்கள்.