நிறத்தை நினைத்து வருந்தும் பிள்ளைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை

மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வெள்ளையாக்கும் கிரீம் கேட்டு வருபவர்களில் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பெற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பிள்ளை பூசும் டியூபை வாங்கிப் பாருங்கள். பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தொடக்கத்தில் முகம் பளிச்சென்று இருக்கும். போகப்போகத் தோல் மெலிந்து, கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும், பருவும் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் கூடும், பிள்ளை மறுபடி அதையே தேடும். ஆகவே பிடுங்கி எறியாமல், டியூபோடு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பாவில் பாதரசம் இருக்கக்கூடும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், இனித் தொட விடாதீர்கள்.

அடுத்து வீட்டுப் பேச்சு. "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்" என்பதைப் பாராட்டாகத்தான் சொல்கிறோம். பிள்ளைக்குக் குறையாகவே கேட்கிறது. விசேஷ வீட்டில் அத்தையோ சித்தியோ அப்படிச் சொன்னால் அங்கேயே, பிள்ளையின் காதில் விழும்படி, மறுத்துப் பேசுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

நிறமி உண்டாக்கும் செல்கள் எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை உண்டாக்கும் மெலனின் என்ற நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும், சொல்லிக்கொடுங்கள்.

சாப்பாட்டைக் குறைத்து, பள்ளிக்குப் போக மறுத்து, கண்ணாடி முன்னாலேயே நின்றால் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.