கடல்மீன் தொட்டியில் பாசியும் ஐப்டேசியாவும்: செட்டிநாட்டு வீடுகளுக்கு

பாசி பிடித்தால் மருந்து தேடுவதற்கு முன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுங்கள். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் தொட்டிக்கு ஆகாது; அதில் கரைந்திருப்பதுதான் அந்த ருசி. போர் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம். வீட்டு ஆர்ஓ மட்டும் போதாது. பல மெஷின்கள் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் வால்வு வழியாகத் திரும்பக் கலந்துவிடும், மீட்டர் 50, 80 என்று காட்டும். அந்த வால்வை மூடி, பின்னால் மிச்ச உப்பையும் இழுத்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைப் பொருத்தி, 0 வந்த பிறகே உப்பு கலக்க வேண்டும்.

ஆவியான அளவுக்கு ஊற்றுவதும் இதே தண்ணீர்தான். சித்திரையில் ஃபேன் ஓடும் தொட்டி வேகமாக வற்றும். போவது தண்ணீர் மட்டும். பாசிக்குத் தீனியான நைட்ரேட்டும் சிலிகேட்டும் உள்ளேயே தங்கும். போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற அவை ஏறிக்கொண்டே போகும்.

வளவுப் பத்தியில் தொட்டி வைத்தால் பார்க்க அழகு. ஆனால் முற்றத்து வெயில் சாய்ந்து கண்ணாடியில் விழுந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். வெயில் படாத உள்ளறைக்கு மாற்றி, விளக்கை 8 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். தொண்டி பக்கம்தானே என்று கேனில் கடல்நீர் பிடித்து வருவதும் வேண்டாம். பாக் விரிகுடா ஆழமில்லாத கலங்கல் கடல். வேண்டாத உயிரெல்லாம் கூடவே வரும். மன்னார் வளைகுடாப் பவளக் கல்லைத் தொடவே கூடாது. கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.

பாசியை அடையாளம் காண்பதில்தான் பலர் தவறுகிறார்கள். புதுத் தொட்டியில் மணல்மேல் காபித்தூள் தூவியதுபோல் இருந்தால் டயாட்டம் என்னும் நுண்பாசி. சில வாரங்களில் தானே போகும். கருஞ்சிவப்புப் பாயாக உரிந்து வந்தால் சயனோ (சயனோபாக்டீரியா): உறிஞ்சி எடுத்து, நீரோட்டம் தரும் வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்பி, தீனியைக் குறையுங்கள். பழுப்புச் சளி நூல் நூலாகத் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழியும் இருந்தால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்). நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக 0 ஆன தொட்டியில்தான் இது பெரும்பாலும் வரும். சயனோவுக்குச் செய்வதை இதற்கும் செய்தால் இன்னும் மோசமாகும். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, நைட்ரேட்டை 5–10, பாஸ்பேட்டை 0.03–0.1 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள்.

பச்சை முடிப்பாசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிப் பிடுங்குங்கள். மிச்சத்தை டர்போ நத்தை மேயும். குமிழிப்பாசியைத் தொட்டிக்குள் உடைக்காதீர்கள். கல்லை வெளியே எடுத்து அடியோடு நெம்பிக் கழற்றுங்கள்.

இனி ஐப்டேசியா. சின்னப் பனைமரம்போல் நிற்கும் இந்தக் கடல்சாமந்தியைச் சுரண்டினால், கல்லில் ஒட்டிய துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். இதற்குச் சுண்ணாம்புதான் கைகண்ட வைத்தியம். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு டீஸ்பூன் எடுத்து, ஆர்ஓ தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பும் அடிப்படையில் இதுதான் என்றாலும், நிறமும் வாசனையும் சேர்த்தது தொட்டிக்கு ஆகாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் வெந்துவிடும்.

பம்ப், வேவ்மேக்கர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். 5 மில்லி சிரிஞ்சில் மழுங்கிய ஊசி மாட்டி, பக்கவாட்டிலிருந்து மெதுவாக நெருங்குங்கள். நிழல் பட்டாலே சில சுருண்டு பொந்துக்குள் போய்விடும். போனால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விரிந்திருக்கும்போது வாய்மேல் ஒரு பொட்டு வையுங்கள். தீனி என்று நினைத்து உள்ளே இழுக்கும், இழுத்ததும் சுருங்கும். அப்போது மேலே முழுதாக மூடுங்கள். 20 நிமிடம் கழித்துச் சுண்ணாம்பை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பம்பைப் போடலாம். 100 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம், பிஹெச் சட்டென்று ஏறிவிடும்.

பெப்பர்மின்ட் இறால் குட்டி ஐப்டேசியாக்களைத் தின்னும். தீனி அதிகம் கிடைக்கிற தொட்டியில் திரும்பியும் பார்க்காது.

மூன்று, நாலு நாளில் அதே இடத்தை மறுபடி பாருங்கள். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால், தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் உள்மூலையிலும் பைப் வளைவுக்குப் பின்னாலும் மிச்சம் இருப்பவை தெரியும்.