பழைய டிஸ்டோபியா நாவலை இன்றைய நாளுக்காகப் படிப்பது எப்படி?

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' வெளிவந்தது 1949 ஜூன் மாதத்தில். கெட்டுப்போன எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் இத்தகைய டிஸ்டோபியா நாவல்களை இன்று எடுத்துப் படிப்பவர்களில் பலர், வீட்டுக்குள்ளேயே மனிதரைக் கண்காணித்து, அரசின் அறிவிப்புகளையும் ஒலிபரப்பும் அன்றைய டெலிஸ்கிரீன் என்னும் திரைதான் இன்றைய செல்போன் என்று கருவிக்குக் கருவி பொருத்திப் பார்த்துவிட்டு நூலை மூடிவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு தவறில்லை என்றாலும் அது வாசற்படியோடு நின்றுவிடுகிறது. கதையில் நடக்கும் வேலையை யார் கை செய்கிறது, எந்த மனநிலையில் செய்கிறது என்று பார்த்தால்தான் உள்ளே போக முடியும்.

நாவலை ஒருமுறை முழுதாகப் படித்த பின், அதில் வரும் சிறிய பொருள் ஒன்றைத் தேர்ந்து, அது வரும் பக்கங்களை மட்டும் பென்சிலோடு மீண்டும் படியுங்கள். '1984'க்கு நான் சொல்வது சாக்லேட். முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், சாக்லேட் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறையும் என்று டெலிஸ்கிரீன் அறிவிக்கிறது. நான்காம் அத்தியாயத்தில், பங்கீடு குறையாது என்று முன்பு தரப்பட்ட வாக்குறுதியைப் பழைய நாளிதழிலிருந்து நீக்கி, குறைய நேரலாம் என்ற எச்சரிக்கையாக மாற்றி எழுதுகிறான் கதையின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்; பழைய பதிவுகளை அரசுக்கேற்பத் திருத்துவதுதான் அவன் வேலை. ஐந்தாம் அத்தியாயத்தில், பங்கீட்டை 20 கிராமாக 'உயர்த்தியதற்கு' நன்றி சொல்லி மக்கள் ஊர்வலம் போனதாகச் செய்தி வருகிறது. அருகில் இருக்கும் பார்சன்ஸ் அதைத் தயக்கமின்றி நம்பிவிடுகிறான்.

இப்போது ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அரசு செய்வதையும் மறுபக்கம் மனிதர்கள் தாமாகவே செய்வதையும் எழுதுங்கள். இரண்டாவது பக்கம்தான் நம்மைத் தொந்தரவு செய்யும். அரசை உள்ளூர வெறுக்கும் வின்ஸ்டனுக்கே, வாழ்வில் மிகப் பெரிய இன்பம் அந்தத் திருத்தும் வேலையில்தான் கிடைக்கிறது என்று ஆர்வெல் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நேர்த்தியாக வேலை செய்யும் ஒருவனின் தொழில் பெருமிதத்தில் பொய் எப்படிக் குடியேறுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பக்கங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அடுத்து, ஆசிரியர் எதைப் பார்த்து எழுதினார் என்று தேடுங்கள். ஆர்வெல் 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கழுத்தில் குண்டு பாய்ந்து உயிர் தப்பியவர். 1941 முதல் 1943 வரை இந்தியாவுக்கான பிபிசி ஒலிபரப்பில் பணியாற்றியவர். சாக்லேட்கூடக் கற்பனையன்று, நாவல் வெளிவந்தபோது பிரிட்டனில் உணவுப் பங்கீடு இன்னும் நடைமுறையில் இருந்தது.

பிறகு, நாவலுக்குப் பின் நடந்தவற்றுக்கு வாருங்கள். 1953இல் சோவியத் தலைவர்களில் ஒருவரான பெரியா கைதாகிக் கொல்லப்பட்டதும், சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குப் பெரிங் கடல் முதலியவை பற்றிய புதிய பக்கங்கள் அஞ்சலில் வந்தன. பெரியாவைப் பற்றிய பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டியெடுத்துவிட்டு இவற்றை அங்கே ஒட்டும்படி குறிப்பும் உடன் வந்தது. வெட்டியது வாசகரின் சொந்தக் கை. 2009 ஜூலையில், உரிமைச் சிக்கல் காரணமாக, அமேசான் நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த '1984' மின்னூலை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பின்னர் அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார். நோக்கத்தில் இரண்டும் வேறானவை என்பதை மறக்கக் கூடாது. ஆனால், இரண்டாவதில் பிளேடும் தேவைப்படவில்லை, வெட்டும் கையும் தேவைப்படவில்லை.

இங்கிருந்து உங்கள் சொந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். உங்களைப் பாதிக்கும் ஓர் அறிவிப்பையோ கட்டண விவரத்தையோ தேதியோடு சேமித்து, சில வாரங்கள் கழித்து அதே பக்கத்தைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள வரலாற்றுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அங்கே திருத்தம் நடக்கிறது, திருத்தத்தின் தடமும் இருக்கிறது. தடம் விட்டுத் திருத்துவதும் தடமின்றித் திருத்துவதும் ஒன்றல்ல. நமக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் '1984' என்று அழைத்துவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் ஆர்வெலையே நாடவும் வேண்டாம். இன்பத்தைக் கொடுத்தே மனிதரை அடக்கும் உலகுக்கு 1932இல் வந்த ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவல் பொருந்தும். அரசு தடுப்பதற்கு முன்பே மக்கள் தாமாக வாசிப்பைக் கைவிட்ட கதைக்கு, 1953இல் வந்த பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' பொருந்தும்; அதில் புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புப் படையின் தலைவர் பீட்டி பேசும் நீண்ட உரையை மட்டுமாவது இருமுறை படியுங்கள்.

'1984'இன் கடைசியில் உள்ள பின்னிணைப்பை இலக்கணக் குறிப்பென்று எண்ணித் தாண்டிவிடாதீர்கள். நாவலில் ஆளும் கட்சி உருவாக்கிய புதுமொழியை விளக்கும் அந்தப் பகுதி முழுவதும் இறந்த காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மொழியும் அந்த ஆட்சியும் முடிந்துபோன பின், யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றைப் பற்றிக் குறிப்பெழுதுகிறார் என்று அதை வாசிக்கும் வாசகர்கள் உண்டு. பென்சிலோடு மீண்டும் படிக்கும்போது வினைச்சொற்களை அடிக்கோடிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.