தண்டுவடக் குறுக்கம்: எங்கெங்கே தவறு செய்கிறோம்?

ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. தொடையும் கெண்டைக்காலும் கனத்து, மரத்து, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று இருக்கிறது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அதே ஆள் சைக்கிளை எடுத்தால் சந்தை வரைக்கும் போய் வந்துவிடுவார். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிமேல் சாய்ந்தபடி கடை முழுக்கச் சுற்றுவார். வீட்டில் உள்ளவர்களுக்கு இது நடிப்பு மாதிரி தெரியும். நடிப்பு இல்லை, தண்டுவடக் குறுக்கத்தின் அச்சு அசலான அடையாளமே இதுதான்.

வயது ஏற ஏற முதுகெலும்பின் ஜவ்வு புடைக்கிறது, பின்பக்கச் சிறு மூட்டுகள் தடிக்கின்றன, எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் நார் கனத்துப்போகிறது. எல்லாமாகச் சேர்ந்து நரம்புகள் போகும் பாதையைக் குறுக்கிவிடுகின்றன. இடுப்பு முதுகெலும்பில் எல்4, எல்5 எனப்படும் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவேதான் இது அதிகம். முன்னால் குனிந்தால் அந்தப் பாதை கொஞ்சம் அகலும், நிமிர்ந்தால் இறுகும். சைக்கிளும் தள்ளுவண்டியும் ஒத்துக்கொள்வது அதனால்தான்.

இதை "வயசானா அப்படித்தான்" என்றோ வாயு என்றோ விட்டுவிடுவது ஒரு தவறு. நடந்தால் கால் வலிக்கும் எல்லோருக்கும் முதுகில்தான் கோளாறு என்று முடிவுகட்டுவது அதற்கு நேர் எதிரான தவறு. காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும் நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். ஆனால் அந்த வலி சும்மா நின்றாலே அடங்கிவிடும், குனியவோ உட்காரவோ வேண்டியதில்லை. தண்டுவடக் குறுக்கத்தில் நிற்பதே தொல்லை. புகை பிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் பாதத்தில் நாடி ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ராத்திரி படுத்திருக்கும்போது உள்ளங்கால் எரிகிறது என்றால் அது பெரும்பாலும் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு. முதுகில் கத்தி வைத்தால் அது தீராது.

அடுத்து எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். அதில் 'சிவியர்' (கடுமை) என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் குடும்பமே ஆடிப்போய்விடுகிறது. 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியோ கால் குடைச்சலோ வந்தே இராத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தண்டுவடக் குறுக்கமே இருந்தது. அவர்களோ நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்! படம் எவ்வளவு மோசம் என்பதற்கும் ஆள் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதற்கும் பெரும்பாலும் நேர்க் கணக்கு கிடையாது. அதனால் டாக்டரிடம் போகும்போது ஃபிலிமோடு இன்னொரு விவரமும் கையில் இருக்கட்டும்: எவ்வளவு தூரத்தில் கால் நிற்கச் சொல்கிறது, உட்கார்ந்தால் எத்தனை நிமிடத்தில் தெளிகிறது, ஆறு மாதத்துக்கு முன்னால் எப்படி இருந்தது. என்ன வைத்தியம் என்று முடிவு செய்ய, என் கணக்கில், இதுதான் முதல் ஆதாரம்.

"இப்போதே ஆபரேஷன் செய்யாவிட்டால் படுத்த படுக்கைதான்" என்று யாராவது மிரட்டினால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். இடுப்புப் பகுதிக் குறுக்கத்தால் திடீரென்று கால் விழுந்துவிடுவது அபூர்வம். பலருக்கு வருடக்கணக்கில் ஒரே நிலையில் இருக்கும், சிலருக்குக் குறையவும் செய்யும்.

உடற்பயிற்சியில் நடக்கும் தவறு வேறு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜவ்வு விலகலுக்காகச் சொல்லிக்கொடுத்ததை இவரும் செய்வார். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம் அவருக்குச் சுகம், இவருக்குக் கால் முழுக்கக் குடைச்சல். பின்னால் வளைக்கும் ஆசனங்கள் குறுகிய பாதையை இன்னும் நெருக்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு அணைப்பது, நிறுத்தி வைத்த சைக்கிள் மிதிப்பது, வயிற்றுக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சிகள், இவைதான் பொதுவாக ஒத்துவரும். எலும்பு வலுக்குறைவு உள்ளவர்கள், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்கள், குனிந்து செய்வதை பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் செய்யக் கூடாது. முதுகெலும்பு நொறுங்கக்கூடும்.

நடையை நிறுத்துவதும் தவறு, பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதும் தவறு. கால் கனக்கத் தொடங்கும்போதே உட்கார்ந்துவிட்டு அப்புறம் நடக்கலாம். சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தூரம் தானாகக் கூடும். ஆனால் நம் ஆட்களுக்கு அங்கேதான் கௌரவம் குறுக்கே வரும். வாக்கரைத் தொடாமல் வீட்டுக்குள்ளேயே முடங்குவதில் என்ன கௌரவமோ!

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இரண்டு மூன்று நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கேடு என்று வரிசையாக வரும். நரம்பு மாத்திரை என்று கொடுக்கும் பிரீகாபாலின், இந்த நோயின் நடை வலிக்குப் பெரிதாக உதவியதாக ஆய்வில் தெரியவில்லை. வயதானவர்களுக்குத் தலைசுற்றல் வந்து விழும் ஆபத்து மட்டும் உண்டு. ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியிலும் எதிர்பார்ப்பை அடக்கி வைப்பது நல்லது. 2014இல் வெளியான ஆய்வில் 400 பேரைப் பிரித்து, பாதிப்பேருக்கு மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டும், மற்றவர்களுக்கு மரப்பு மருந்து மட்டும் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஊசி போட்ட சில நாளைக்குச் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரி, ஆபரேஷன்? அதைப் பேயாகப் பார்ப்பதும் தவறுதான். அமெரிக்காவில் 2008இல் வெளியான பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டு வருடத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். 2015இல் வந்த இன்னொன்றில் ஆபரேஷனுக்கும் பிசியோதெரபிக்கும் இரண்டு வருடத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பிசியோதெரபிப் பிரிவில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இடையிலேயே ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான் புரிந்துகொண்டது இது: சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தெருமுனை வரை போக முடியவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவது நியாயம். செய்யாமலே சமாளிக்க முடிந்தால் அதுவும் நியாயம்.

ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கேள்வி: நரம்பின்மேல் இருக்கும் அழுத்தத்தை மட்டும் எடுக்கிறீர்களா, ஸ்க்ரூவும் ராடும் வைக்கப் போகிறீர்களா? ஸ்வீடனில் 247 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நேரமும் செலவும்தான் கூடின. எலும்பு நன்றாக விலகி ஆடுகிறது என்பது போன்ற காரணம் இருந்தால் அது வேறு கதை. ஆனால் அந்தக் காரணத்தை டாக்டர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் இன்னொரு டாக்டரைப் பார்ப்பது அவமரியாதை ஆகாது.

கால்வலியைக் குறைக்கவும் நடையைச் சீராக்கவும்தான் இந்த ஆபரேஷன். முதுகுவலி அப்படியே தங்கலாம், பழைய மரப்பு போகாமலும் இருக்கலாம். இது தெரியாமல் படுத்து எழுந்தவர்கள்தான் பிறகு "பணமும் போச்சு" என்று புலம்புவார்கள்.

காத்திருக்கவே கூடாத கட்டங்கள் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது, மலமோ சிறுநீரோ தெரியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு காலும் வேகமாக வலுவிழப்பது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். பாதம் மெல்ல மெல்லத் தொங்குகிறது, செருப்பு கழன்று விழுகிறது என்றாலும் தள்ளிப்போடக் கூடாது.

கழுத்தில் வரும் குறுக்கத்துக்கு, மேலே சொன்ன 'பொறுத்துப் பார்க்கலாம்' பொருந்தாது. அங்கே நசுங்குவது தண்டுவடமே. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கையெழுத்து மாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால், வலியே இல்லாவிட்டாலும் சீக்கிரம் காட்ட வேண்டும். சுளுக்கு எடுக்கிறேன், நெட்டி முறிக்கிறேன் என்று யாரும் அந்தக் கழுத்தில் கைவைக்க விடாதீர்கள்.