ராத்திரியில தன்பாட்டில எழும்புற கொம்பியூட்டர்: ஆர் எழுப்பினது எண்டு முதல்ல பிடியுங்கோ

வெள்ளவத்தையில எங்கட ஃப்ளட்டில கொம்பியூட்டர் ஹோலுக்குள்ளதான் கிடக்கு, ரூமில மேசை போட இடமில்லை. ஒருநாள் சாமம் ரெண்டு மணிக்கு அம்மா வந்து தட்டுறா, "தம்பி, ஹோலில ஆரோ லைட் போட்டிருக்கினம், எழும்பு" எண்டு. போய்ப் பாத்தா ஒருத்தரும் இல்லை, கேஸுக்குள்ள ஃபான் சிவப்பும் நீலமுமா சுத்திக்கொண்டிருக்குது, மொனிட்டர் மட்டும் கறுப்பு. படுக்கப் போகேக்க நான்தான் ஸ்லீப்பில போட்டனான், நல்லா ஞாபகம் இருக்கு. அடுத்த நாளும் அதே கூத்து. அதோட விடியக்காலமை வேற ஒருக்கா எழும்பிக் கிடக்கும், அப்ப மொனிட்டரும் பளிச்செண்டு எரியும். ஒரு கடையில கேட்டதுக்கு பவர் சப்ளை மாத்தோணும் எண்டிச்சினம், நல்லகாலம் காசு இல்லாதபடியா மாத்தேல்லை.

உங்களுக்கும் இப்பிடி நடந்தா உடன செட்டிங்ஸுக்குள்ள போய் கண்டதெல்லாத்தையும் ஓஃப் பண்ணாதேங்கோ. நான் முதல் அதைத்தான் செய்தனான், பிறகு கீபோர்ட்டால கூட எழுப்ப ஏலாமல் போச்சுது, ஆனா சாமத்தில எழும்புறது மட்டும் நிக்கேல்லை. ஸ்லீப்பில இருக்கிற மெஷின் சும்மா எழும்பாது, ஏதோ ஒண்டு எழுப்பும், எது எழுப்பினது எண்டு விண்டோஸ் எழுதியும் வைச்சிருக்கும். அதைக் கேட்டுட்டு அந்த ஒண்டை மட்டும் நிப்பாட்டினா சரி.

அதுக்கு முதல் ஒண்டு பாருங்கோ, உண்மையிலயே ஸ்லீப்பில இருந்துதான் எழும்பினதோ? எங்கட ஊரில கரண்ட் போய் வாறது புதுசில்லையே. 2022 இல மணித்தியாலக்கணக்கா கரண்ட் இல்லாமல் இருந்தம், 2025 பெப்ரவரியில பாணந்துறை சப்ஸ்டேஷனுக்குள்ள குரங்கு பூந்து நாடு முழுக்க இருட்டாப் போச்சுது. ஒரு செக்கன் கரண்ட் போய் வந்தாலே யூபிஎஸ் (கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கிற பட்டரிப் பெட்டி) இல்லாத டெஸ்க்டொப் செத்துடும், பிறகு கரண்ட் வந்தவுடன தானா ஸ்டார்ட் ஆகிற மாதிரி பயோஸில (விண்டோஸுக்கு முதல் ஓடுற, மதர்போர்ட்டிட சொந்த செட்டிங் இடம்) செட்டிங் இருந்தா உங்களுக்குப் பாக்க அது தானா எழும்பின மாதிரித்தான் இருக்கும். விண்டோஸ் நடந்ததெல்லாத்தையும் எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவரில (ஸ்டார்ட்டில தேடினா வரும்) கேர்னல் பவர், இலக்கம் 41 எண்டு சிவப்பில ஒண்டு அந்த நேரத்துக்கு விழுந்திருந்தா பெரும்பாலும் இந்தக் கேஸ்தான். பயோஸுக்குள்ள போய் "ரெஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்" மாதிரி ஒரு பேர் இருக்கும், கொம்பனிக்குக் கொம்பனி பேர் கொஞ்சம் மாறும், அதை பவர் ஓஃப் எண்டு மாத்திவிடுங்கோ. கையோட ஒரு யூபிஎஸ்ஸும் வாங்குங்கோ.

அது இல்லை எண்டா இனித்தான் விஷயம். ஸ்டார்ட்டில கொமாண்ட் ப்ரொம்ட் எண்டு தேடி ரைட் கிளிக் பண்ணி ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்கோ, சும்மா திறந்தா சில கொமாண்ட் வேலை செய்யாது. கொமாண்டை இங்க தமிழில எழுதுறன், நீங்கள் அடிக்கேக்க இங்கிலிஷில அடியுங்கோ. முதல் சொல் எல்லாத்துக்கும் ஒண்டுதான், பவர் எண்ட சொல்லோட சி, எஃப், ஜி மூண்டு எழுத்தையும் ஒட்டி அடிக்கோணும், பவர்சிஎஃப்ஜி. பிறகு ஒரு இடைவெளி, ஒரு சரிஞ்ச கோடு (கேள்விக்குறி இருக்கிற கீயில இருக்கிறது), கோட்டோட ஒட்டி லாஸ்ட்வேக். கடைசியா எது எழுப்பினது எண்டு சொல்லும்.

ஆனா இதில ஒரு சுத்துமாத்து இருக்கு, நான் ரெண்டு நாள் இதிலதான் மாட்டுப்பட்டனான். லாஸ்ட்வேக் காட்டுறது கடைசியா எழும்பினதை மட்டும். சாமத்தில ஏதோ ஒண்டு எழுப்பி, பக்கத்தில ஆளில்லை எண்டா விண்டோஸ் சாதாரணமா 2 நிமிஷத்தில திரும்பவும் படுத்துடும். விடிய நீங்கள் கீபோர்ட்டைத் தட்டி எழுப்பிப்போட்டு லாஸ்ட்வேக் பாத்தா கீபோர்ட் எண்டுதான் காட்டும், நீங்களும் பாவம் கீபோர்ட்டை மாத்த வெளிக்கிடுவியள். அதால ஈவென்ட் வியூவர்தான் நல்லது, அதில பழைய கணக்கும் இருக்கும். விண்டோஸ் லொக்ஸ், சிஸ்டம், வலப்பக்கத்தில ஃபில்டர் கரன்ட் லொக், அதில சோர்ஸை பவர் ட்ரபிள்ஷூட்டர் எண்டு தெரிவு செய்யுங்கோ. ஒவ்வொரு முறை எழும்பினதுக்கும் ஒரு வரி இருக்கும், அதைத் தொட்டா கீழ ஸ்லீப் டைம், வேக் டைம், வேக் சோர்ஸ் எண்டு மூண்டும் வரும்.

அந்த ரெண்டு நேரமும் எங்கட நேரமில்லை, கவனியுங்கோ. பின்னால இங்கிலிஷ் இசட் எழுத்து ஒண்டு நிக்கும், அப்பிடியெண்டா அது உலகப் பொது நேரம், அஞ்சரை மணித்தியாலம் கூட்டினாத்தான் கொழும்பு நேரம். எனக்கு 20:30 எண்டு காட்டிச்சுது, நான் இரவு எட்டரைக்கு கொம்பியூட்டருக்கு முன்னாலதானே இருந்தனான், இது என்ன பைத்தியம் எண்டு மண்டையைப் பிச்சுக்கொண்டிருந்தன். அஞ்சரையைக் கூட்டினா சரியா விடிஞ்சால் 2 மணி, அம்மா தட்டி எழுப்பின நேரம்.

வேக் சோர்ஸில டைமர் எண்டு இருந்தா, ஏதோ ஒரு ப்ரோக்ராம் அலாரம் வைச்சிருக்குது எண்டு அர்த்தம், சில நேரம் அந்த டாஸ்க்கிட பேரும் பக்கத்திலயே இருக்கும். எனக்கு விண்டோஸிட ஒட்டோமேட்டிக் மெயின்டெனன்ஸ், அது வழமையா வைச்சிருக்கிற நேரமே 2 மணிதான். கன்ட்ரோல் பனல், செக்யூரிட்டி அண்ட் மெயின்டெனன்ஸ், அதுக்குள்ள மெயின்டெனன்ஸ் செட்டிங்ஸை மாத்திற இடத்தில, கொம்பியூட்டரை எழுப்ப விடவோ எண்டு ஒரு பெட்டி இருக்கும், அதில இருக்கிற சரியை எடுத்துவிடுங்கோ. வேற ஏதும் டாஸ்க் எண்டா டாஸ்க் ஷெடியூலரில அதைத் தேடி, கண்டிஷன்ஸ் டப்பில "வேக் த கொம்பியூட்டர்" எண்டு தொடங்கிற வரியில இருக்கிற சரியை எடுங்கோ. அடுத்த அலாரம் எப்ப எண்டு பாக்கவும் கொமாண்ட் இருக்கு, அதே பவர்சிஎஃப்ஜி, சரிஞ்ச கோடு, வேக்டைமர்ஸ். ஒண்டொண்டாத் தேட நேரமில்லாத ஆக்கள் பவர் ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், ஸ்லீப், அலவ் வேக் டைமர்ஸ் எண்ட இடத்தில டிஸேபிள் குடுத்தாச் சரி, லப்டொப் எண்டா பட்டரிக்கும் ப்ளக்குக்கும் வேற வேறயாக் கிடக்கும், ரெண்டையும் மாத்தோணும். இப்பிடிச் செய்தா அப்டேட் வராதோ எண்டு கேப்பியள், வரும், நீங்கள் முழிச்சிருக்கேக்க வரும்.

டைமர் இல்லாமல் டிவைஸ் எண்டு இருந்தா பவர்சிஎஃப்ஜி, சரிஞ்ச கோடு, டிவைஸ்குவெரி, இடைவெளி, பிறகு வேக், கீழ்க்கோடு, ஆர்ம்ட் எண்டு அடியுங்கோ. எழுப்ப அனுமதி இருக்கிற சாமான் எல்லாம் வரிசையா வரும். நெட்வேர்க் கார்ட், மவுஸ், கீபோர்ட், பெரும்பாலும் இந்த மூண்டுதான். நெட்வேர்க் கார்ட் எண்டா டிவைஸ் மனேஜரில அதைத் திறந்து பவர் மனேஜ்மென்ட் டப்புக்குப் போங்கோ, மஜிக் பக்கெட் வந்தா மட்டும் எழும்பு எண்ட மாதிரி ஒரு வரி இருக்கும், அதில சரி போட்டாலே கனபேருக்கு முடிஞ்சுடும். மஜிக் பக்கெட் எண்டு மந்திரம் ஒண்டுமில்லை, இந்த மெஷினை எழுப்பவெண்டே அனுப்புற சின்னத் தகவல், மெஷினிட மக் அட்ரஸ் (நெட்வேர்க் கார்ட்டுக்கெண்டு இருக்கிற தனி இலக்கம்) அதுக்குள்ள 16 தரம் திருப்பித் திருப்பி இருக்கும். வீட்டு ரவுட்டர் சும்மா அனுப்புற சளசளப்புக்கு இனி எழும்பாது. வெளியில இருந்து வீட்டு மெஷினை எழுப்பி வேலை செய்யிற ஆளில்லை எண்டா எழுப்புற அனுமதியை முழுசா எடுத்தாலும் பிழையில்லை.

இன்னொரு அடையாளமும் சொல்லுறன். ஃபான் சுத்துது ஆனா ஸ்க்ரீன் கறுப்பு எண்டா பெரும்பாலும் டைமர் இல்லாட்டி நெட்வேர்க். ஸ்க்ரீனும் சேர்ந்து எரிஞ்சா மவுஸ், கீபோர்ட் மாதிரி ஆள் தொடுற சாமானைச் சந்தேகியுங்கோ. எனக்கு 2 மணிக் கேஸ் முடிஞ்ச பிறகும் விடியக்காலமை ஸ்க்ரீன் எரிஞ்சுகொண்டுதான் இருந்துது, வேக் சோர்ஸில மவுஸ். வீட்டில பூனையும் இல்லை, அம்மாவும் தொடுறேல்லை எண்டு சத்தியம் பண்ணுறா. ஒருநாள் முழிச்சிருந்து பாத்தன். எங்கட கட்டடம் தண்டவாளத்துக்குக் கிட்ட, கடலோரத்தால விடியக்காலமை முதல் ட்ரெயின் போகேக்க யன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும், மேசையும் கண்ணாடி மேசை, மவுஸ் அந்தளவு அசைஞ்சாக் காணும், லைட் பத்திட்டுது. எல்லா மவுஸும் இப்பிடியில்லை, சிலது கிளிக் பண்ணினாத்தான் எழுப்பும். அம்மா மவுஸைக் கவிட்டு வையன் எண்டா, சிரிச்சன், ஆனா அண்டு ராத்திரி கவிட்டு வைச்சுப் பாத்தா எழும்பேல்லை. இருந்தாலும் ஒவ்வொரு நாளும் கவிழ்க்கேலாதே, அதால டிவைஸ் மனேஜரில மவுஸிட பவர் மனேஜ்மென்ட்டில எழுப்புற அனுமதியை எடுத்துவிட்டன், கீபோர்ட்டுக்கு மட்டும் வைச்சிருக்கிறன். கீபோர்ட்டையும் எடுத்தா என்னை மாதிரி ஒவ்வொரு முறையும் குனிஞ்சு கேஸில பவர் பட்டனை அமத்தோணும்.

புது லப்டொப் வைச்சிருக்கிற ஆக்களுக்கு கதை கொஞ்சம் வேற. பவர்சிஎஃப்ஜி, சரிஞ்ச கோடு, ஏ எழுத்து அடிச்சுப் பாருங்கோ, எஸ் சைபர் லோ பவர் ஐடில் எண்டு வந்தா அது முழுசாப் படுக்கிற சாதியே இல்லை, ஃபோன் மாதிரி அரைக்கண் மூடிக்கொண்டு கிடக்கும். பாக்குக்குள்ள வைச்சு 100 ஆம் நம்பர் பஸ்ஸில வந்து இறங்கேக்க சுடுது, பட்டரியும் இறங்கிட்டுது எண்டா அதுதான் காரணமா இருக்கும். ஸ்லீப்ஸ்டடி எண்டு அதே மாதிரி ஒரு கொமாண்ட் இருக்கு, எது பட்டரியைக் குடிச்சது எண்டு ஒரு ரிப்போர்ட் தரும். அதோட மினைக்கெடாமல் மூடிற நேரம் ஹைபர்னேட் (திறந்து கிடந்ததை டிஸ்கில எழுதி வைச்சிட்டு முழுசா ஓஃப் ஆகிறது) ஆகிற மாதிரி மாத்திவிடுறதுதான் என்ட தெரிவு, எழும்ப கொஞ்சம் சுணங்கும், பரவாயில்லை.

விண்டோஸ் இல்லை, அப்பிளிட மக் கொம்பியூட்டர் எண்டா செட்டிங்ஸில "வேக் ஃபோர் நெட்வேர்க் அக்ஸஸ்" எண்டு ஒண்டு இருக்கு, முதல் அதை ஓஃப் பண்ணிப் பாருங்கோ.

எதை மாத்தினாலும் ஒரு நாளைக்கு ஒண்டு மட்டும் மாத்துங்கோ, அடுத்த நாள் விடிய ஈவென்ட் வியூவரைத் திறந்து புது வரி விழுந்திருக்கோ எண்டு பாருங்கோ, பாக்கேக்க அஞ்சரையைக் கூட்ட மறந்துடாதேங்கோ. எனக்கு இப்ப மூண்டு கிழமையா நான் எழுப்பின வரி மட்டும்தான் இருக்குது. அம்மா இன்னும் படுக்கப் போக முதல் மவுஸைக் கவிட்டுட்டுத்தான் போறா.