புல்வெளிக் காளானை அடையாளம் காண்பது எப்படி?

மாடு, ஆடு மேய்ந்து கட்டையான பழைய புல்வெளி, மழைக்குப் பின் வரும் மிதமான வெயில். புல்வெளிக் காளானை, அதாவது அகாரிகஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற வெள்ளைக் காளானை, இங்கேதான் தேட வேண்டும். மரத்தடியில் முளைத்தது என்றாலே சந்தேகப்படுங்கள்.

கத்தியால் அறுக்காமல், மண்ணோடு அடிவரை தோண்டி எடுங்கள். கொடிய நச்சுள்ள அமானிட்டா காளானுக்குத் தண்டின் அடியில் கிழிந்த பை போன்ற உறை இருக்கும். மேலே அறுத்துவிட்டால் அது மண்ணிலேயே தங்கிவிடும். இப்படியும் விபரீதம் நடக்கலாம்.

புல்வெளிக் காளானின் குடை 3 முதல் 10 செ.மீ. அகலம். திருப்பிப் பார்த்தால் செவுள்கள், அதாவது குடையின் அடியில் உள்ள மெல்லிய மடிப்புகள், தண்டைத் தொடாமல் நிற்கும். இளசில் நல்ல ரோஜா நிறம், முற்றினால் சாக்லேட் பழுப்பு. முற்றியும் வெள்ளையாகவே இருந்தால் தொடாதீர்கள். தண்டின் வளையம் மெல்லியது, சீக்கிரம் உதிர்ந்துவிடும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடித்தண்டைக் குறுக்கே வெட்டுங்கள். சட்டென்று பளீர் மஞ்சளாகி, பினாயில் போல நெடி அடித்தால் அது வயிற்றைக் கலக்கும் வேறு இனம்.

கடைசியாக வித்துத்தூள் சோதனை. குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விடுங்கள். கரும்பழுப்புத் தடம் விழ வேண்டும். பச்சை நிறத்தில் விழுந்தால் அது குளோரோஃபில்லம் என்ற நச்சுக் காளான், தின்றால் கடும் வாந்தி வரும். வெள்ளையாக விழுந்தால் அமானிட்டாவாக இருக்கலாம். எல்லாம் பொருந்தினாலும், நேரில் பார்த்துச் சொல்லும் வல்லுநர் இல்லாமல் சமைக்காதீர்கள். அமானிட்டா நஞ்சு வேகவைத்தாலும் போகாது.